மேஸ்திரி சொல்லாமல் எடுத்த கொப்பரை

நம்முடைய கொப்பரைக் களங்களில் மேஸ்திரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நான் இரண்டாம் கிளாசோடு படிப்பை விட்டவன். உங்களில் சிலர் ஏழாம் கிளாஸ் ஜெயித்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் ஒரு கொப்பரைத் துண்டைக் காதருகே வைத்து ஒடித்து, இது எத்தனை வெயில் கண்டது என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியும். திருவனந்தபுரம் முதல் குழித்துறை வரை என்னைப்போல இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள், அவனோடு பேசிக்கொள்கிறேன்.

செங்கல் ஊர்க் களத்துச் சாய்ப்புக் கொட்டகையில் மாட்டியிருக்கும் முறைப்பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேங்காய் வண்டியிலிருந்து இறங்குவது முதல் எண்ணெய் தகரத்தில் அடைபடுவது வரை யார் யாரிடம் எதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதைச் செய்தவர் ரைட்டர் சார் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கையெழுத்து அவருடையதுதான், முத்து முத்தாக இருக்கும். அதில் உள்ள புத்தி யாருடையது என்பதைச் சொல்லத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

நான் பாரைக் கம்பியில் தேங்காய் பொதிக்க, அதாவது மட்டை உரிக்கத் தொடங்கி, பிறகு தேங்காயை இரண்டாகப் பிளக்கும் வெட்டுக்குப் போய், பிறகு களத்துக்கு வந்து மேஸ்திரி ஆனவன். ஒருவன் சிபாரிசும் இல்லை. எனக்கு முன் மேஸ்திரியாக இருந்த கிழவர்தான் எனக்கு ஆகாயம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், உச்சிக்கு மேல் மழை வரும். அது வருவதற்கு முன்னால் கிழக்கே மலையின் தலை மறையும். தலை தெரிகிற வரை பயமில்லை, மறைந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதே என்பார். அவர் காலத்தில் ஒருமுறை பெண்கள் தாங்களாகவே கொப்பரையை வாரி எடுக்க, மழை வராமல் ஒரு பகல் வெயில் வீணானது. அன்று அவர் ஒரு வழக்கம் வைத்தார்: மேஸ்திரி வாயால் சொல்லாமல் களத்தில் ஒரு துண்டு அசையக்கூடாது.

அந்த வழக்கம் என் கைக்கு வந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வானம் கறுக்கும்போது களத்துப் பெண்கள் அத்தனை பேரும் என் முகத்தையே பார்ப்பார்கள். "அண்ணே, எடுக்கலாமா?" நான் உடனே சொல்ல மாட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கிழக்கே பார்த்து, மேற்கே பார்த்து, "எடுங்கோ" என்பேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் வாழ்ந்தேன் என்றால் பொய் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு வருஷம் திருவனந்தபுரத்தின் பெரிய சந்தையான சாலைக் கம்போளத்திலிருந்து எங்கள் எண்ணெய்த் தகரங்கள் திரும்பி வந்தன. காறல் வாடை. ஒருமுறை வந்தால் பரவாயில்லை, மறுபடியும் வந்தது. இனி ஒரு தடவை இப்படி என்றால் வேறு களம் பார்த்துக்கொள்வேன் என்று வியாபாரி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

முதலாளி செங்கலில் பழைய நிலக்காரக் குடும்பம். அவர் தகப்பனார் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆகவே எதையும் எழுதி வைத்தால்தான் முதலாளிக்கு நம்பிக்கை வரும். எல்லோரையும் களத்தில் கூட்டி வைத்துச் சொன்னார்:

"நெய்யாற்றங்கரையில நான் இன்னொரு களம் போடப் போறேன். அதுக்கு ஒரு காரியஸ்தன் வேணும். இந்தக் காறலுக்கு வழி கண்டுபிடிக்கிறவன் ஆரோ, அவன் அங்க போவான். எண்ணெய் திரும்பியும் வந்துதுன்னா அங்கயும் களம் கிடையாது, இங்கயும் கிடையாது. கேட்டுதா?"

கேட்டது. காரியஸ்தன் என்றால் தனிச் சாய்ப்பு, தனி நாற்காலி, வண்டியில் போக்குவரத்து. அந்த நாற்காலியில் நான் அப்போதே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் முதலாளி ரைட்டரைக் கொண்டு வந்து நிறுத்தினார்.

மிஷன் பள்ளியில் படித்த பையன். என்னைவிடப் பத்து வயது இளையவன் இருப்பான். வெயிலில் கோட்டு போட்டிருந்தான். களத்துப் பெண்கள் அன்றைக்கே "ரைட்டர் சார்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நான் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறேன், என்னை ஒருத்தி சார் என்று சொன்னதுண்டா? அண்ணன், மேஸ்திரி, முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ.

ரைட்டர் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்தார். கேள்வி ஒன்றுதான்: "உம்முடைய வேலை என்ன? அதை எப்படிச் செய்யுகீரு?" எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஞாயிறு பள்ளியில் வினாவிடை ஒப்பித்து வளர்ந்தவர்கள். கேள்வி கேட்டால் எந்தப் பதில் கேட்பவருக்குப் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"முற்றின தேங்காயை மட்டும் பொதிப்பேன் சார்."

"வெட்டினதும் தேங்காய் வெள்ளத்தை நல்லா வடிப்பேன் சார். உடனே களத்துக்குக் கொடுப்பேன்."

"ஈரமுள்ள துண்டு ஒண்ணுகூட செக்குக்குப் போகாது சார். பொறுக்கி மாத்திடுவோம்."

எல்லாவற்றையும் எழுதி முதலாளியிடம் வாசித்தார். முதலாளி கண்ணை மூடிக் கேட்டார். காகிதத்தை வாங்கிப் பார்த்து, "எழுத்தைப் பாரும் ஓய், அச்சடிச்சது போல" என்று என்னிடமே காட்டினார். எனக்கு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல இருந்தது. பிறகு முதலாளி கேட்டார்:

"எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. இங்க இவ்வளவு ஒழுங்கா நடக்குதுன்னா எண்ணெய் எப்படிவே காறுது? தகரத்துக்குள்ள போன பிறகு அதுக்குத் தானா புத்தி கெட்டுப் போகுதா?"

ரைட்டர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். அன்று நான் இரண்டு தட்டு மரச்சீனிக் கிழங்கு கூடுதலாகத் தின்றேன்.

ஆனால் என் சிரிப்பு அடங்கியதும் யோசித்தேன். அவன் தோற்றதால் நான் ஜெயித்தேன் என்று ஆகாதே. அடுத்த தகரங்கள் திரும்பி வந்தால் என் நாற்காலியும் போகும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கொப்பரை. அதைத் தொடுகிற ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பது எனக்கும் பாதிதான் தெரியும். மேஸ்திரி வரும்போது எல்லோரும் ஒழுங்காகத்தானே வேலை செய்வார்கள்.

மறுநாள் கஞ்சி வேளையில் வழி கிடைத்தது. செக்கு ஓட்டுகிற செல்லன் கையில் கஞ்சிச் சட்டியோடு களத்துப் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தான். தினமும் திட்டுகிறவன்தான், அன்றுதான் நான் காது கொடுத்தேன்.

"என்னத்தைப் பிள்ளே காயப் போடுதிய? வளைஞ்சு நிக்குது, ஒடிய மாட்டேங்குது. செக்குல போட்டா நுரை தள்ளுது. உள்ள பச்சைப் பூசணம். இதை நான் எண்ணெயாக்கணும், காறினா செல்லன்மேல பழியாக்கும்!"

பெண்களுக்குத் தலைமையாக இருந்த தங்கம்மை சும்மா விடுகிறவளா? "அந்த வெட்டுகிறவன்மார்கிட்டப் போய்ப் பறையும். முந்தின நாள் சாயங்காலம் வெட்டின தேங்காய் முறியைக் குவிச்சுப் போட்டுட்டுப் போறானுவ. காலையில எங்க கைக்கு வரும்போதே வழவழான்னு இருக்கு. அதை வெயில் என்ன செய்யும், வெயில் என்ன வைத்தியரா?"

உடனே வெட்டுக்காரன் எழுந்தான். பொதிக்கிறவர்கள் இளநீர்ப் பருவத்துக் காயையும் சேர்த்துத் தள்ளுகிறார்கள் என்றான். பொதிக்கிறவன் வண்டிக்காரனைச் சொன்னான்.

நான் சட்டியைக் கீழே வைத்தேன். பிள்ளைகளே, இதைக் கவனித்து வாசியுங்கள். ஒருவனிடம் அவன் வேலையைக் கேட்டால் வேதப்புத்தகம் வாசிப்பான். அவன் கைக்கு வந்து சேருகிற வேலையைக் கேளுங்கள், உள்ளதைச் சொல்வான். பொறாமையோடு சொல்வான், கொஞ்சம் கூட்டியும் சொல்வான், ஆனால் ஒன்றும் விட மாட்டான். பக்கத்தில் இருப்பவன் சுகமாக இருக்கிறான், நாம் மட்டும் கஷ்டப்படுகிறோம் என்று நினைக்காத தொழிலாளியை நான் கண்டதில்லை. அந்த எரிச்சல் அத்தனையும் நமக்குத் தகவல்.

ஆனால் எனக்கு வேகமாக எழுத வராது. என் பெயரை எழுதுவதற்குள் செல்லன் கஞ்சி குடித்து முடித்துவிடுவான். ஆகவே ரைட்டரிடம் போக வேண்டியிருந்தது. அந்த நாலடி தூரம் நடந்ததைப்போலக் கஷ்டப்பட்டு நான் எந்த மலையும் ஏறியதில்லை.

"காகிதத்தை எடுத்துட்டு வாரும்" என்றேன்.

"என் காகிதத்துல உம்ம கேள்வியா?"

"உமக்குக் கேள்வி இல்ல, எனக்குக் காகிதம் இல்ல. ரெண்டுபேருக்கும் வேற வழி உண்டா?"

அவர் வந்தார். நெய்யாற்றங்கரை நாற்காலி அவர் கண்ணிலும் இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

கடைசியிலிருந்து தொடங்கினேன். தகரம் அடைப்பவனிடம் செல்லனைப் பற்றி, செல்லனிடம் பெண்களைப் பற்றி, பெண்களிடம் வெட்டுக்காரர்களைப் பற்றி. ரைட்டருக்குக் கை வலித்தது. பிறகு கொடுப்பவரையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் நிறுத்தி, "இது எப்படி வந்தால் சம்மதம்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ரைட்டர் எழுத வேண்டும். இது என் சட்டம்.

எளிதாக இல்லை. செல்லனும் தங்கம்மையும் ஒரு வரிக்கு ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

"துண்டை ஒடிச்சா சத்தம் கேக்கணும்" என்றான் செல்லன்.

"உமக்குக் காது கேக்காதது ஊருக்கே தெரியும். செக்குச் சத்தத்துல இருந்து இருந்து செவிடாயாச்சு. நீரு சத்தம் கேக்கலன்னு சொன்னா நாங்க மறுபடியும் காயப் போடணுமா?"

"பின்ன ஆரு ஒடிக்கிறது?"

"நான் ஒடிப்பேன், நீரு பாரும். வளைஞ்சா எனக்கு. பட்டுன்னு போனா உமக்கு."

"துண்டை நான் எடுத்துத் தருவேன். நீ எடுத்தா நல்லதாப் பார்த்து எடுப்பே."

"எடுத்துக்கிடும், அதுக்கென்ன. சாக்குக்குள்ள தலையை விட்டு எடுத்துக்கிடும்."

அப்படியே எழுதினோம். துண்டைப் பொறுக்குவது செக்குக்காரன், ஒடிப்பது களத்துக்காரி. இன்றைக்கும் பலகையில் அது இருக்கிறது. அந்த வரியை முதலாளி தனியாகப் பாராட்டினார், ரைட்டரைப் பார்த்து.

வெட்டின முறியை அன்றன்றே களத்தில் விரிக்க வேண்டும், விரிக்க முடிகிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்றும் எழுதினோம். காறலில் பாதி அங்கேதான் இருந்தது. மீதிப் பாதி எங்கே என்று நான் தங்கம்மையிடம் கேட்டேன். அவள் வாங்குவது வெட்டுக்காரனிடம் மட்டும்தான் என்று நினைத்துக் கேட்டேன்.

"சொன்னா கோவிக்கப்படாது" என்றாள்.

"சொல்லு."

"உம்மகிட்டயும்தான் நாங்க ஒண்ணு வாங்குகோம். வாக்கு. நீரு எடுங்கோன்னு சொல்லுகது வரைக்கும் நாங்க கையைக் கட்டி நிக்கணும். நீரு வெத்திலையைத் துப்பி, கிழக்க பார்த்து, மேக்க பார்த்து முடிக்கதுக்குள்ள கொப்பரை குளிச்சிரும். நீரு சந்தைக்குப் போன நாளுன்னா சொல்லவே வேண்டாம். அது காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் உண்டு. அதாக்கும் பூசணம்."

பின்னால் நின்ற பெண்கள் சிரிக்காமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ரைட்டர் பேனாவை மைக்குள் முக்கி, மெதுவாகத் துடைத்து, என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த தித்திப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மேஸ்திரி, இதை எழுதவா?"

இந்த இடத்தில்தான் மேஸ்திரி வேலை என்றால் என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத வேண்டாம் என்று சொல்லலாம். தங்கம்மையை ஒரு சத்தம் போட்டு அடக்கலாம். இரண்டையும் ரைட்டர் எதிர்பார்த்தார். சாயங்காலமே முதலாளி காதில் போட்டுவிடுவார், காறலின் மூலம் மேஸ்திரிதான் என்று. என் வாக்கைப் பறிக்கிற பெருமை அவருக்குப் போகும். அதை நினைத்ததும் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. என் வாக்கை வெட்டுவதானால் நான்தான் வெட்ட வேண்டும், கோட்டு போட்டவன் அல்ல.

"நீரு எழுதாதேயும். நான் சொல்லுகேன், அதை எழுதும்" என்றேன். "கிழக்கே மலையின் தலை மறைந்தால், யாருடைய வாக்குக்கும் காத்திராமல் கொப்பரையை எடுக்க வேண்டும். களத்தில் நிற்கும் பெண்களில் மூத்தவள் சொன்னால் போதும். எடுத்து மழை வராவிட்டால் யாரும் ஏசக்கூடாது."

ரைட்டரின் பேனா நின்றது. "மேஸ்திரின்னு ஒரு வார்த்தையாவது போடட்டுமா?"

"வேண்டாம்."

தங்கம்மை என் பக்கம் ஒரு வெற்றிலையை நீட்டினாள்.

பலகை மாட்டினோம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு திங்கள் காலையும் வரிவரியாகச் சத்தமாக வாசித்தோம். அவரவர் வரி வரும்போது அவரவர் தலையை ஆட்டினார்கள். அடுத்தவன் வரி வரும்போது இன்னும் பலமாக ஆட்டினார்கள்.

சாலைக்குப் போக வேண்டிய சரக்கு களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது துலாம் மழை தொடங்கிற்று. அந்தச் சரக்குக் கெட்டால் எல்லாம் முடிந்தது. முதல் சில நாட்கள் நான் களத்தை விட்டு அசையவில்லை. பிறகு தேங்காய் விலை பேசப் பெருங்கடவிளைச் சந்தைக்குப் போகவேண்டி வந்தது. உச்சி நேரம். ஒரு குவியலுக்கு முன்னால் குந்திப் பேரம் பேசிக்கொண்டிருந்தவன் தலை நிமிர்ந்து பார்த்தால், மலை இல்லை.

பேரத்தை அப்படியே விட்டேன். எங்கள் களத்துப் பக்கமாகத் தனுவச்சபுரம் போகிற காலி வண்டி ஒன்றில் தொற்றி ஏறி, மாட்டை விரட்டச் சொல்லி வண்டிக்காரனோடு சண்டை போட்டு, பாதி வழியில் அவனையும் நம்பாமல் குதித்து ஓடினேன். மழை என்னைப் பிடித்தது. ஓடும்போதெல்லாம் கண்ணில் தெரிந்தது ஒன்றுதான். களத்தின் நடுவில் பெண்கள் நிற்கிறார்கள், கொப்பரை நனைகிறது, எல்லோரும் வழியைப் பார்க்கிறார்கள், "மேஸ்திரி அண்ணன் இருந்தால்" என்று ஒருத்தி சொல்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது களத்தில் மழைத்தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை.

சாய்ப்பில் கொப்பரை உத்தரம் வரை குவிந்திருந்தது, காய்ந்த சரக்கு தனி, பாதி காய்ந்தது தனி. பெண்கள் ஈரமில்லாத சேலையோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரைட்டர். அவர் சட்டை மட்டும் நனைந்திருந்தது, கடைசிக் கூடையைத் தூக்கியவர் அவராம். கோட்டு ஒரு குவியலின் மேல் விரித்தபடி கிடந்தது. யாரோ அவருக்குச் சுக்கு வெள்ளம் கொடுத்திருந்தார்கள்.

தங்கம்மை என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"அண்ணே, எதுக்கு இப்பிடிச் சகதியில ஓடி வாறீரு? பலகையில உம்ம பேரு இல்லியே!"

சாய்ப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், பல்லால். சரக்கு தப்பித்துவிட்டது. என் நாற்காலி தப்பித்துவிட்டது. ஆனாலும் நெஞ்சுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. ரைட்டர்மேல் பொறாமை என்றால் சொல்லிவிடுவேன், அது புதிதல்ல. இது வேறு. களத்தின்மேல் பொறாமை. நான் இல்லாமலே ஒரு மழையைக் கடந்துவிட்டதே.

எண்ணெய் சாலைக்குப் போயிற்று. தகரம் திரும்பவில்லை, இன்னும் வேண்டும் என்று ஆள்தான் வந்தது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ரைட்டர் கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் புது வேட்டி.

"அன்னைக்கு மழையில எடுக்கச் சொன்னது ஆரு?"

"தங்கம்மை" என்றோம் இருவரும்.

"அவ சொன்னா போதும்னு எழுதினது ஆரு?"

"நான்" என்று ரைட்டர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "சொன்னது மேஸ்திரி. மேஸ்திரின்னு போடட்டான்னு கேட்டேன். வேண்டாம்னாரு."

அவர் ஏன் அதைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

முதலாளி விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரைட்டர், நீரு இங்க இரும். எல்லாம் எழுதியாச்சு, வாசிச்சு நடத்தினா போதும். அங்க ஒண்ணும் எழுதல. அங்க இவன்தான் போகணும்."

நாற்காலி எனக்கு! நான் ஜெயித்தேன். பாரையில் தொடங்கியவன் காரியஸ்தன் ஆனேன், எழுதிக்கொள்ளுங்கள். நெய்யாற்றங்கரைக் களத்தில் நான் செய்தவற்றைச் சொல்ல இன்னொரு கட்டுக் காகிதம் வேண்டும்.

புறப்படுகிற காலையில் களத்துக்குப் போனேன். வண்டி வெளியே நின்றது. எல்லோரும் வேலையை விட்டு வந்து சுற்றிக்கொள்வார்கள், கொஞ்ச நேரம் தாமதமாகும் என்று வண்டிக்காரனிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். உள்ளே வெட்டு நடந்தது, செக்கு ஓடியது, செல்லன் சாக்குக்குள் தலையை விட்டுத் துண்டு பொறுக்கினான். போய் வாரும் என்று கை காட்டினார்கள், நல்ல மனதோடுதான் காட்டினார்கள். ஆனால் ஒருவரும் வந்து, இதை எப்படிச் செய்யட்டும் என்று கேட்கவில்லை. வெட்டின முறி குவியாமல் களத்துக்கு வந்துகொண்டிருந்தது. நின்று பேச அவர்களுக்கு நேரம் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி எழுத வைத்தவன் நான்.

தங்கம்மை பக்கத்தில் போய் நின்றேன். அவள் குனிந்து சிரட்டையிலிருந்து கொப்பரை பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மழை வந்தா என்ன செய்வியோ?" என்று கேட்டேன்.

அவள் கையை நிறுத்தவில்லை.

"வந்தா எடுப்போம்" என்றாள்.

வண்டிக்காரன் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நான் ஏறினேன்.